ஓர் அடி

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் எம் மகள் பயின்ற பள்ளியிலிருந்து 'புரோகிரஸ் ரிப்போர்ட்' வந்தது. கணக்கிலும் அறிவியலிலும் நல்ல கிரேடு. கீழே ஆசிரியை தம் கையால் எழுதியிருந்தது ஒரே சொல்: 'அக்ரெசிவ்'. அன்றிரவே அவளைக் கடிந்துகொண்டோம். நடந்தது என்னவென்று கேட்டோமில்லை. கையொப்பமிட்டு அனுப்பிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கில நாளிதழில் ஒரு விளம்பரம் கண்ணிற்பட்டது. விற்பனைப் பணிக்கு 'அக்ரெசிவ்' இளைஞர்களே வேண்டுமாம்! பன்னிரண்டு வயதில் குற்றமானது இருபத்திரண்டில் தகுதியாகிவிடுமோ? ஐயம் பிறந்தது, அகராதியைப் புரட்டினோம்.

இலத்தீனில் 'கிராடுஸ்' என்பது காலடி. படி எனினும் ஆம். 'நோக்கி' என்னும் பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்து 'அக்ரெடி' என்னும் வினை பிறந்தது. ஒருவரை நோக்கி அடியெடுத்து வைத்தல், அணுகுதல், ஒரு செயலில் முனைதல், தாக்குதல் ஆகிய அனைத்தும் அதன் பொருள்களே. ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் இதன் பெயர்ச்சொல்லைப் பெற்றபோது தாக்குதல் என்னும் பொருளையே எடுத்துக்கொண்டது. முனைப்பைப் பாராட்டும் விளம்பரப் பொருள் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வழக்கில் வலுப்பெற்றது. முன்னோக்கி நடப்பது 'புரோகிரஸ்'; கூடி நடப்பது 'காங்கிரஸ்'; படிநிலை 'கிரேடு'. ஆக, எம் மகளின் அட்டையில் ஒரே காலடி மும்முறை பதிந்திருந்தது.

நாம் வழங்கும் 'ஆக்கிரமிப்பு' மட்டும் வேறா? வடமொழியில் 'க்ரம்' என்றாலும் அடியிடுதலே. உலகளந்த திருவிக்கிரமன் பெயரிலும் அவ்வடி உண்டு. தமிழிலோ, காலும் 'அடி', கைவீச்சும் 'அடி'! திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை வெவ்வேறு பதிவுகளாகவே காட்டும். எனினும் வியப்பு அடங்கவில்லை.

தேடிய வழியில் இன்னொன்றும் கிடைத்தது. நாடுகளுக்கிடையே இச்சொல்லின் வரையறை யாது எனப் பல்லாண்டுகள் வாதிட்ட பின், ஐ.நா. பொதுச்சபை 1974 டிசம்பர் 14இல் 3314ஆம் தீர்மானத்தை ஏற்றது. ஐ.நா. சாசனத்திற்கு மாறாக முதலில் படையைப் பயன்படுத்தியமை முதல் நோக்கில் சான்றாகுமாம். ஆயினும் ஏனைய சூழ்நிலைகளையும் கருதிப் பாதுகாப்பு மன்றம் வேறு முடிவுக்கு வரலாம் என்கிறது அது. படையெடுத்த நாட்டுக்கும் கிட்டும் அவ்விசாரணை எம் வீட்டில் நடக்கவில்லையே!

அன்று மாலை அவளை அழைத்துக் கேட்டோம். சின்ன வகுப்புப் பையன் ஒருவனின் சாப்பாட்டு டப்பாவை ஒரு மாணவன் பிடுங்கி வைத்திருந்தானாம்.

"நீ அவனைத் தள்ளினாயா?"

"தள்ளினேன், அப்பா. முதலில் கிட்டே போய்க் கொடுத்துவிடு என்றுதான் சொன்னேன். அவன் கொடுக்கவில்லை. அப்புறந்தான் தள்ளினேன்."

இதைச் சொல்லும்போது அவள் எம் முகத்தைப் பார்க்கவில்லை, சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.