எட்டு பவுண்டு கணக்கு

இங்கிலாந்தில் மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. "டீச்சர், ஒன்றும் எழுதக் காணோமே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மகன் இருப்பது கவன்ட்ரி என்ற ஊரில். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, இங்கே கேம்பிங் கிளப் ஒன்று இருக்கிறது. உறுப்பினராகச் சேரலாமா? வருடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது பவுண்டு. நீங்கள்தான் கணக்கு டீச்சர் ஆச்சே, கட்டுப்படியாகுமா சொல்லுங்கள்" என்றான்.

என் வாயில் முதலில் வந்த சொல்: "தண்டச் செலவு."

சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கிளப் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1901ஆம் ஆண்டு தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையல்காரர் தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது பெற்றோருடன் கூண்டு வண்டியில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர் அவர். சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போய்த் தங்குகிறவர்களின் சங்கமாக ஆரம்பித்தது; முதல் முகாமுக்கு வந்தவர்கள் ஆறே பேர். இன்று கேரவன், மோட்டார் வீடு எல்லாம் சேர்ந்து பெரிய அமைப்பாகிவிட்டது. தலைமையகம் இதே கவன்ட்ரியில்தான்.

"வானத்துக்குக் கீழே படுக்கச் சந்தாவா?" என்று நம் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் சிறுவயதில் குலதெய்வம் கோயிலுக்கு மாட்டு வண்டி கட்டிப் போய், புளியமரத்தடியில் மூன்று கல் வைத்துப் பொங்கி, ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தோம். யாரிடம் அனுமதி கேட்டோம்? இங்கிலாந்தில் அப்படி முடியாது. டார்ட்மூர் என்ற ஒரு பகுதியின் பொது நிலங்களைத் தவிர, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்க உரிமை கிடையாது. ஸ்காட்லாந்தில் மட்டும் சட்டம் தாராளம். அதனால்தான் இங்கே முகாம் மைதானங்களும் கிளப்புகளும் வேண்டியிருக்கின்றன.

மே மாதக் கடைசியில் என்னையும் ஒரு முறை அழைத்துப் போனார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். ஹேஃபீல்டு என்ற சிற்றூர், மலையடிவாரம், பக்கத்திலேயே ஓடை. அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1932இல் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர் அங்கிருந்துதான் கிளம்பி, தனியார் வேட்டை நிலமாக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். இன்று அந்த மலையில் யாரும் நடக்கலாம். பேத்திக்கு இதைச் சொன்னேன். "நடந்ததுக்கு ஜெயிலா அப்பத்தா?" என்று கேட்டாள்.

சுகமாக இருந்ததா என்றால், பாதி பாதி. மே மாதமென்று பெயர்தான்; இரவில் நம் மார்கழியை விடக் குளிர். இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, வயிற்றில் வெந்நீர்ப் பை. நடு இரவில் கழிப்பறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஈரப்புல்லில் நடந்தேன். மருமகள் கூடவே வந்தாள். விடியற்காலையில் மழை. கூடாரத்தின் ஒரு மூலை நனைந்துவிட்டது. ஆனால் அன்று காலை மகன் சின்ன கேஸ் அடுப்பில் போட்டுக் கொடுத்த டீயை நான் மறக்க மாட்டேன். நான்கு மாதத்தில் அன்றுதான் அவன் போனைப் பார்க்காமல் என் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இனி, அந்தத் "தண்டச் செலவு" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

1997இல் என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல், ஊர் ஊராய் விடுதி இருக்கிறது என்று ஆசை காட்டிய ஒரு விடுமுறைத் திட்டத்தில் பதினைந்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டார். அன்றைக்கு என் மூன்று மாதச் சம்பளம். இரண்டு வருடத்தில் அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஒரு இரவுகூடத் தங்கவில்லை. நான் அதைச் சொல்லிக் காட்டாத தீபாவளி இல்லை. விருந்தாளிகள் முன்னால்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு எங்கேயாவது போகலாம் என்று அவர் வாய் திறந்ததே இல்லை. கொடைக்கானலுக்கு என்னை அழைத்துப் போகத்தான் அந்தப் பணத்தைக் கட்டினார் என்பது எனக்கு அப்போதே தெரியும். 2019இல் அவர் போய்விட்டார். கொடைக்கானலை நான் இன்னும் பார்க்கவில்லை.

பணம் போனது ஏமாற்றியவனால். ஊர் பார்க்கும் ஆசை போனது என் நாக்கால். அதே நாக்குத்தான் போன வாரம் மகனிடமும் பேசியது.

அதனால் அன்று இரவு நோட்டை எடுத்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு ஒரு சந்தா போதும். உறுப்பினருக்கும் மற்றவருக்கும் எங்களுக்குக் காட்டிய வாடகை வித்தியாசம் இரவுக்கு ஏழு பவுண்டு. ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல். அதாவது எட்டு இரவு தங்கினால்தான் போட்ட பணம் வரும். போன வருடம் தங்கியது எத்தனை என்று கேட்டேன். "மூணு" என்றான்.

இன்னொரு பக்கமும் உண்டு. விவசாயிகள் தங்கள் பண்ணையில் ஐந்தே கேரவனுக்கும் சில கூடாரங்களுக்கும் இடம் விடுகிறார்கள். கிளப் சான்றிதழ் கொடுத்த இந்தச் சின்ன இடங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும். பலவற்றில் தண்ணீர்க் குழாய்க்கு மேல் பெரிய வசதி இருக்காது, வாடகையும் குறைவு. ஐம்பத்தைந்து வயது தாண்டிய உறுப்பினர்களுக்குச் சீசன் இல்லாத நாளில் சலுகையும் உண்டு. என் மகனுக்கு அதற்கு இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது!

மறுநாள் காலண்டரை எடுத்து அவன் முன் வைத்தேன். "கிளப்பில் சேருவது அப்புறம். முதலில் லீவு நாளைக் குறி. இரண்டு பேரும் சேர்ந்து குறியுங்கள்" என்றேன். அரை மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். அவன் வேலை, அவள் ஷிப்ட், பேத்தியின் பள்ளி எல்லாம் போக ஆறு இரவு தேறியது. ஆறேழு நாற்பத்திரண்டு. எட்டு பவுண்டு துண்டு விழுந்தது.

"அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா அத்தை?" என்றாள் மருமகள்.

"அந்த எட்டு பவுண்டு என் பென்ஷனில் இருந்து" என்றேன். நம் பணத்தில் ஏறக்குறைய தொள்ளாயிரம் ரூபாய். ஆனால் ஒரு நிபந்தனை: குறித்த ஆறு நாளில் ஒன்று தவறினாலும் அடுத்த வருடம் புதுப்பிக்கக் கூடாது. அன்று மாலையே சேர்ந்துவிட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, ஜிம்மோ, கிளப்போ, சந்தா கட்டும் முன் டீச்சர் சொல்லும் சின்னக் கணக்கு இது. போக நினைக்கும் நாளை வைத்து வகுக்காதீர்கள். போன வருடம் உண்மையில் போன நாளை வைத்து வகுங்கள். விடை சரியாக வராவிட்டால் காலண்டரைத் திருத்த முடியுமா என்று பாருங்கள். வீட்டில் யாராவது "எங்கேயாவது போகலாமா" என்று கேட்டால், கணக்கை அப்புறம் போடுங்கள். முதலில் "எங்கே?" என்று கேளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறேன். டிசம்பரில் என் தங்கையோடு கொடைக்கானல் போவதாக இருக்கிறேன். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், சுத்தமான, சிக்கனமான தங்குமிடம் சொல்லுங்கள். சந்தா இல்லாததாக!

அன்புடன்,
உங்கள் டீச்சர்