நானூறு படுத்திய பாடு

எங்கள் வீட்டுக் கணினி எங்களுடையது அன்று; அம்மாவுடையது. திருமண அழைப்பிதழ்களை டி.டி.பி. செய்து அச்சகத்திற்குத் தரும் அந்த வருமானத்தில்தான் அக்கா தங்கை எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணமும் அடங்கியிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நாங்கள் செய்த காரியம் எத்தகையது என்பது உங்களுக்கே விளங்கும்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் தூசு தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தோம். ரேம் பட்டையின்மேல் 3200 என்று ஒட்டியிருந்தது. திரையிலோ 2400! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று பதறினோம். அப்படியில்லை. டி.டி.ஆர்.4 ரேம் முதலில் அடக்கமான வேகத்தில்தான் ஓடும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கினால்தான் மேலே ஒட்டிய வேகத்திற்கு வரும். மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 ஆக ஏறும். இயக்கினோம், வந்தது. அத்துடன் நின்றிருக்கலாம்!

ஆசை யாரை விட்டது? மறுநாள் 3600 என்று மாற்றினோம். திரை இருண்டது. எங்கள் முகமும்தான். மின்கம்பியைப் பிடுங்கி, மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்துப் போட்ட பிறகே கணினி உயிர் பெற்றது. கேட்டது கைக்கு வர எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்று ரேமுக்கு இன்னோர் எண்ணும் உண்டாம். எங்களுடையதற்கு அது 16. அதை 18 ஆக்கி, மீண்டும் 3600 வைத்தோம். எழுந்தது! துள்ளிக் குதித்தோம்.

மூன்றாம் நாள் அம்மா கூப்பிட்டார்கள்.

“இங்க வாங்கடி, இந்தப் பைல் திறக்கவே மாட்டேங்குது.”

ஒன்றல்ல, நான்கு. மறுநாள் காலையில் அச்சுக்குப் போக வேண்டியவை. ரேமில் ஒரு புள்ளி பிசகினால் எங்கள் கணினி போன்றவை வாய் திறந்து சொல்வதில்லை. பிசகியதையே கோப்பில் எழுதிவிடும். சொல்வதா, மறைப்பதா என்று சமையலறையில் நின்று கிசுகிசுத்தோம். எங்களில் இளையவள் அழுதுவிட்டதால் உண்மை தானே வெளிவந்தது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேகத்தை 3200க்கு இறக்கிவிட்டு நாங்கள் பெயர்களை வாசிக்க, அம்மா இரவு இரண்டு மணி வரை மீண்டும் அடித்தார்கள். ஓர் அழைப்பிதழில் எத்தனை சித்தப்பாக்கள் இருக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தோம்! அடுத்த இரவு மெம்டெஸ்ட்86 சோதனையை விடிய விடிய ஓட்டினோம். நான்கு சுற்றிலும் ஒரு பிழைகூட இல்லை.

அதன்பின் தாளும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டோம். 3200 என்றால் நொடிக்கு 160 கோடித் துடிப்பு. 16 துடிப்புக்கு 10 நானோ நொடி. 3600இல் 18 துடிப்புக்கு? அதே 10! அள்ளி வரும் அளவு சற்றுக் கூடியிருக்கும். காத்திருக்கும் நேரம் இம்மியும் குறையவில்லை. இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் முதலிலேயே போட்டிருக்கக் கூடாதா?

இப்போது அம்மாவின் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்குகிறது. பயாஸுக்குக் கடவுச்சொல்லும் போட்டுவிட்டார்கள். பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டோம், சொல்ல மறுக்கிறார்கள்.