கூலியும் குணமும்

கூலி கேட்பவனுடைய குணத்தை ஆராய்வது உலகத்தில் மிகப் பழைய வழக்கம். பொருளை விற்க வந்தவனிடம் விலையைப் பற்றிப் பேசுவார்கள். உழைப்பை விற்க வந்தவனிடமோ, அவன் குடிக்கிறானா, பெரியவர்களுக்கு அடங்கி நடக்கிறானா, நன்றியுள்ளவனா என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். செம்பனைத் தோட்டத்து ஆபீசில் செக்குரோல் எழுதிப் பிழைக்கும் நான் இதை மாதந்தோறும் காண்கிறேன். ஆயினும் இன்று எழுத எடுத்துக்கொண்டது தோட்டத்துச் சங்கதியன்று. சீமையில் ஒரு பந்தாட்டக்காரருக்கு நேர்ந்த சங்கதி. அது நம்முடைய சங்கதியும் ஆவது எவ்வாறு என்பதை நேயர்கள் போகப்போகக் காண்பார்கள்.

ஈப்போவிலாகட்டும், சுங்கை சிப்புட்டிலாகட்டும், சனிக்கிழமை இரவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். சுவரிலே பெரிய திரை. திரையிலே இங்கிலாந்துப் பந்தாட்டம். மேசைக்கு மேசை லிவர்பூல் கட்சி, மான்செஸ்டர் கட்சி. தேர்தலிலே கூட நம்மவர் இவ்வளவு தெளிவாகக் கட்சி பிரிந்து நான் கண்டதில்லை. அப்படியொரு கடையிலேதான் 2015ஆம் ஆண்டில் ரஹீம் ஸ்டெர்லிங் என்னும் பெயர் ஒரு வசைச்சொல்லாக மாறியதைக் கேட்டேன். முந்தின வருஷம் "நம்ம பையன்" என்று மார்தட்டியவர்களே, "காசுப் பேய்", "நன்றி கெட்டவன்", "தலைக்கனம் பிடித்தவன்" என்றார்கள். இவர்களில் எவரும் அவரை நேரில் கண்டவரல்லர். லண்டன் பத்திரிகைகள் எழுதியதைக் கைபேசியிலே வாங்கித் தேநீரோடு சேர்த்துக் குடித்தவர்கள்.

ஸ்டெர்லிங் 1994இல் ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். இரண்டு வயதிலே தந்தை கொலையுண்டார். பிழைப்பும் படிப்பும் தேடித் தாய் இங்கிலாந்து சென்றார். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்ந்து, பின்னர் தாயிடம் போய்ச் சேர்ந்தார்கள். தாயார் ஹோட்டல்களைச் சுத்தம் செய்து சம்பாதித்தபடியே படித்தார். விடியுமுன் எழுந்து தாயோடு சென்று கக்கூசு கழுவ உதவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனதை ஸ்டெர்லிங் தாமே 2018இல் எழுதியிருக்கிறார். இருட்டிலே அம்மாவின் பின்னால் பால்மரக் காட்டுக்குப் போய், மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பதினைந்து வயதில், 2010இல், லிவர்பூல் சங்கம் அவரை எடுத்துக்கொண்டது. 2014இல் ஐரோப்பாவின் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்னும் விருது வந்தது. அதுவரையில் அவருடைய குணத்தில் பெரிய குறையொன்றும் எவர் கண்ணிலும் படவில்லை. பிறகு புதிய ஒப்பந்தப் பேச்சு எழுந்தது. அப்போது அவருக்கு வாரச் சம்பளம் முப்பத்தையாயிரம் பவுன் என்றும், சங்கம் லட்சம் பவுன் வரை தர முன்வந்தது என்றும், அவர் கையெழுத்திட மறுத்தார் என்றும் பத்திரிகைகள் எழுதின. 2015 ஏப்ரல் முதல் தேதி பி.பி.சி.க்குப் பேட்டி கொடுத்த ஸ்டெர்லிங், தமக்குப் பணம் பெரிதல்லவென்றும், கோப்பைகளை வெல்வதே நோக்கமென்றும், பணத்தைத் துரத்தும் பையனாக உலகம் தம்மை நினைப்பது வருத்தம் தருகிறதென்றும் சொன்னார்.

அதன்பின் நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். அந்த ஏப்ரல் மாதத்திலேயே அவர் குழாயில் புகை பிடிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. சில நாட்களில், பலூனிலிருந்து சிரிப்பு வாயுவை உறிஞ்சும் காட்சி வந்தது. இருபது வயதுப் பிள்ளை, அதிலும் ஓட்டத்தை நம்பிப் பிழைக்கும் பிள்ளை, செய்யத்தக்க காரியம் அன்று. அதை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தப் படங்கள் வெளிவரப் பொருத்தமான நேரம் ஒப்பந்தப் பேச்சின் நடுவேதானா? தராசின் ஒரு தட்டிலே சங்கத்தார் லட்சம் பவுனை வைத்தார்கள். மற்றத் தட்டிலே பத்திரிகைகள் புகைக் குழாயை வைத்தன. எடை பார்ப்பவர்களும் "இவனுக்கா லட்சம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். காலில் இருக்கும் திறமைக்குப் பேசிய விலையை வாயில் இருக்கும் புகையைக் கொண்டு குறைப்பது என்ன கணக்கு? எந்தப் பள்ளியிலும் எனக்கு இந்தக் கணக்கைக் கற்றுக் கொடுக்கவில்லை.

மே மாதத்தில் அவருடைய தரகர், வாரம் ஒன்பது லட்சம் கொடுத்தாலும் லிவர்பூலில் கையெழுத்திடப் போவதில்லை என்னும் கருத்துப்படப் பேசியதாகச் செய்தி வந்தது. மடத்தனமான பேச்சு. தரகர் பேசியதற்கும் ஆட்டக்காரரே அடி வாங்கினார். அதே மாதத்தில் சங்கத்தின் சிறந்த இளைஞர் விருதை வாங்க மேடையேறியபோது சொந்தச் சங்கத்து ரசிகர்களே கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். ஜூலையில் அவர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். லிவர்பூலுக்குக் கிடைத்த தொகை 49 மில்லியன் பவுன் என்று எழுதினார்கள். காசாசை பிடித்தவன் என்று பெயரெடுத்தவர் பையன். நாற்பத்தொன்பது மில்லியனை எண்ணி வாங்கிய சங்கத்தை அப்பெயரால் அழைத்தவரை நான் தேடிக் கொண்டிருக்கிறேன்.

போன இடத்திலும் விடவில்லை. தாய்க்கு வீடு வாங்கினால் ஆடம்பரம் என்றார்கள். 2018இல் காலில் துப்பாக்கிப் பச்சை குத்தியிருந்ததைக் கண்டு வன்முறை என்றார்கள். துப்பாக்கியால் தந்தையை இழந்தவர், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று செய்துகொண்ட உறுதியின் அடையாளம் அது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில்தான் ஸ்டெர்லிங் வாய் திறந்தார். ஒரே பத்திரிகையின் இரண்டு செய்திகளை அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டிலும் அவருடைய சங்கத்து இளம் ஆட்டக்காரர்; இரண்டு பேரும் தாய்க்கு வீடு வாங்கியவர்கள். வெள்ளை நிறத்தவரான பில் ஃபோடனைப் பற்றிய தலைப்பு, தாய்க்கு வீடு வாங்கிய நல்ல பிள்ளை என்னும் பாவனையில் இருந்தது. கறுப்பு நிறத்தவரான டோசின் அடராபியோயோவைப் பற்றிய தலைப்போ, பெரிய ஆட்டமொன்றில் முதலிலிருந்து இறங்காத பையனுக்கு இத்தனை பணமா என்னும் பாவனையில் இருந்தது. வீடும் ஒன்றே, தாயும் ஒன்றே, வயதும் ஏறக்குறைய ஒன்றே. தோல் மட்டும் வேறு. இப்படிப்பட்ட எழுத்து நிற வெறிக்கு எண்ணெய் வார்க்கிறது என்று அவர் சொன்னார்.

"வாரம் லட்சம் பவுன் வாங்குகிறவனுக்கு வக்காலத்தா? நம்முடைய ஆளுக்கு மாதம் 1,700 ரிங்கிட் குறைந்த சம்பளம் வரவே 2025ஆம் ஆண்டாயிற்றே!" என்று நேயர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டெர்லிங்குக்கு என் பரிவு தேவையில்லை. ஆனால் தொகை பெரிதானதால் தந்திரம் மாறிவிடவில்லை என்பதையே காட்ட வந்தேன். சிறிய எழுத்தில் அச்சிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும் பிழை, பெரிய எழுத்தில் தெரிந்துவிடுகிறதல்லவா?

அந்நாட்டிலேயே 1961 வரையில் பந்தாட்டக்காரருக்கு வாரம் இருபது பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்று விதி இருந்தது. அதைவிடக் கொடிய விதியும் ஒன்றுண்டு. ஒப்பந்தம் தீர்ந்த பிறகும் சங்கத்தார் விடுவிக்காவிட்டால் ஆட்டக்காரர் வேறெங்கும் விளையாட முடியாது. அதுவரை சம்பளமும் கொடுக்க வேண்டுவதில்லை. நியூகாசில் சங்கத்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960இல் கையெழுத்திட மறுத்து, பந்தை விட்டுவிட்டுத் தக்கை வியாபாரத்தில் வேலை பார்த்தார். பின்னர் ஆர்சனலுக்கு மாற்றம் கிடைத்த பிறகும் வழக்கை விடாமல் நடத்தி, 1963இல் அந்தப் பிடிப்பு முறை நியாயமற்றது என்னும் தீர்ப்பைப் பெற்றார். நம் முன்னோரைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறையோ மலாயாவில் 1910இலேயே ஒழிக்கப்பட்டது. வேலையைவிட்டு ஓடியவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பிய அந்த முறையையும், பசியால் வளைத்த இந்த முறையையும் ஒரே தராசில் வைக்க நான் துணியவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மூளையில் பிறந்தவை.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியையே எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். கள்ளுக்கடையை மூடுங்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுங்கள், எங்கள் பெண்களிடம் கை நீட்டாதீர்கள் என்றார்கள். துரையையும் தோட்டத்து ஊழியரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் அவமானத்தை ஒழியுங்கள் என்றும் கேட்டார்கள். அந்த ஊழியர் வரிசையில் கிராணிமாரும் அடக்கம் என்பதைக் கிராணியாகிய நான் மறைக்கப் போவதில்லை. அதுவரையில் தமிழ்த் தொழிலாளியைப் பற்றித் துரைமார் பாடிய பாட்டு, "சாது, சொன்னபடி கேட்பவன்" என்பது. கூலி கேட்ட மாத்திரத்தில் சாது மறைந்தான். கலகக்காரரின் தூண்டுதலால் கெட்டவன் வந்தான்! சொந்த மூளையால் அவன் கணக்குப் போட்டிருக்கக் கூடும் என்பதை மட்டும் ஒப்பவில்லை. ஸ்டெர்லிங்குக்குத் தரகர் எப்படியோ அப்படி இவர்களுக்கு ஆர். எச். நாதன். அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டார்கள்.

இனி நம் பேராக்குக்கு வருவோம். மலேசியக் கோப்பையை 1926 முதல் 2018 வரை எட்டு முறை வென்ற மாநிலம் இது. 2018 இறுதியாட்டத்தில் திரெங்கானுவைப் பினால்டியில் வென்ற இரவில் ஈப்போ தூங்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2021இல், அதே பேராக் சங்கத்தில் ஆட்டக்காரருக்குச் சம்பள பாக்கி. பருவத்தின் நடுவிலேயே பலர் வெளியேறினார்கள். சங்கம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மேலேறி வந்தும் நிலைக்கவில்லை. 2025-26 பருவத்தில் பேராக் சூப்பர் லீக்கிலேயே இல்லை. இந்த நாட்களில் கடைமேசைப் பேச்சை நான் கூர்ந்து கேட்டேன். பாக்கி வைத்தவருக்குக் கிடைத்த சொல் "நிதி நெருக்கடி". மழை பெய்ததுபோல, வெள்ளம் வந்ததுபோல, எவர் குணத்தையும் தொடாத சொல்! சம்பளம் வராமல் வேறு சங்கத்துக்குப் போனவருக்குக் கிடைத்த சொல் "விசுவாசமில்லாதவன்". நெருக்கடி சங்கத்துக்கு வரலாம். வீட்டு வாடகை கட்டும் ஆட்டக்காரனுக்கு வரக்கூடாது போலும்.

இத்தனையும் என் மனத்தில் எழுந்ததற்கு அண்மைக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் தோட்டத்துப் பழைய லயத்தில் ஒரு பையன் இருக்கிறான், பத்தொன்பது வயது. ரப்பர் இருந்த காலத்தில் அவன் தாய் பால் வெட்டியவர். பிரட்டுக்களத்துக்குப் பின்னாலுள்ள திடலில் பந்து பழகியவனை ஒரு சிறு சங்கத்தார் வந்து பார்த்து, நான்கு பக்க ஒப்பந்தமொன்றை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாயார் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தார்.

"கிராணி தம்பி, இதிலே என்னதான் எழுதியிருக்கிறது? கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

"உட்காருங்கள் அக்கா, முழுவதும் படித்துச் சொல்கிறேன்," என்று வாங்கினேன்.

ஆங்கில வழியில் படித்ததன் பயனை அன்று முழுமையாக அடைந்தேன் என்றே சொல்ல வேண்டும். பையனுடைய ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தது. சங்கத்தின் பெயருக்கு இழுக்கு வரும்படி நடந்தால் நீக்கலாம்; பொதுவிடத்தில் தகாத முறையில் காணப்பட்டால் நீக்கலாம்; இழுக்கு எது, தகாதது எது என்பதைச் சங்கமே முடிவு செய்யும். சம்பளத்தைப் பற்றி இரண்டே வரி. தொகை இருந்தது, எந்தத் தேதிக்குள் கொடுப்பார்கள் என்பது இல்லை. காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதும் இல்லை. கொடுக்கத் தவறினால் சங்கத்தின் ஒழுக்கத்தை எவர் முடிவு செய்வார் என்பதைத் தேடி, தாளின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தேன், வெறுந்தாள்.

"பையன் நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்கிறான், தம்பி. கேள்வி கேட்டால் வேறு பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்களாம்."

"அக்கா, மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம், அடிபட்டால் வைத்தியம் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்போம். இது சண்டையல்ல; கேள்விதான்."

அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு "எழுது" என்றார். பென்சிலால் ஓரத்தில் எழுதி, பையனிடம் படித்துக் காட்டி, அவனும் தலையசைத்த பின்னர் அனுப்பி வைத்தோம். இது நடந்து மூன்று வாரமாகிறது. சங்கத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் நான்கு பேர் பந்தாட்டம் பேசினார்கள். தோட்டத்துப் பையன் ஒருவன் இருக்கிறானாம். ஆட்டம் நன்றாகத்தான் ஆடுகிறானாம். ஆனால் கொஞ்சம் தலைக்கனமாம், இரவிலே குடிக்கிறானாம் என்றும் ஒரு பேச்சாம். எவர் சொன்னது என்று நான் திரும்பிக் கேட்டேன். "எல்லாரும் சொல்கிறார்கள், சார்," என்றார் அவர்களில் ஒருவர்.