பஞ்சு அடைத்த காது

மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். படிவத்தில் கணவர் கையெழுத்திட்டார். கையில் ஊசி ஏறியதும் முதலில் மாறியது சத்தம்தான். அருகில் நின்ற மருத்துவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தட்டில் கத்தரி வைத்த ஒலி மட்டும் காதுக்குள்ளேயே விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. விழித்ததும் நர்ஸ் "வலிச்சுதா?" என்றார். "இல்லை" என்றேன்.

வார்டில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "வராந்தா வரைக்கும் உன் சத்தம் கேட்டுதுடி. 'என்னமோ புள்ள பெக்குற மாதிரி கத்துறியே'ன்னு யாரோ அதட்டினாங்க. 'இனிமே கத்தல சிஸ்டர்'னு நீ சொன்ன."

எனக்கு எதுவும் நினைவில்லை.

எனக்குப் போட்டது மிடாசோலம். மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலையை அது வலுப்படுத்துகிறது. அரை மயக்கத்தில் காது மூடிக்கொள்வதில்லை. கூப்பிட்டால் பதில் வரும். கேட்டதுதான் நினைவில் தங்காது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பின்னால் நானே தேடிப் படித்தேன்.

அப்படிப் படிக்கும்போதுதான் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்துப் பெண்களைக் கண்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிரசவத்துக்கு ஸ்கோபோலமைனும் மார்ஃபினும் கொடுத்தார்கள். அதற்கு 'அந்தித் தூக்கம்' என்று பெயர். பெண்கள் அலறினார்கள், எழுந்தபின் அலறியது தெரியாது. சத்தம் கேட்டால் நினைவு துண்டுதுண்டாகத் தங்கிவிடும் என்று அவர்களின் காதில் எண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்தார்கள். 1914இல் அமெரிக்கப் பெண்கள் சங்கம் அமைத்து இந்த முறையைத் தங்களுக்கும் கேட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வலி தாங்குவதில் பெருமை ஏதுமில்லை. இன்னொரு முறை நேர்ந்தால் அந்த ஊசி எனக்கும் வேண்டும்.

ஆனால் கேட்பதும் கேள்வியும் ஒரே வேர்ச்சொல் என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். கேட்டது நினைவில் இல்லாதவள் எதைப் பற்றிக் கேள்வி எழுப்புவாள்? அவள் எழுப்பமாட்டாள் என்று தெரிந்த அறையில்தான் நாக்கு அப்படி நீள்கிறது. மருந்து வலியை மறக்க வைக்கட்டும். சுற்றி நிற்பவர்கள், அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று நினைத்துப் பேசட்டும்.

அன்றைய சத்தம் என்னிடம் இல்லை. அம்மாவிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எந்தப் பெண் கத்தினாலும் இன்றும் அவள் சட்டென்று எழுந்து கதவருகே போய் நிற்கிறாள்.