போய் வருகிறேன்

நம் பிள்ளைகள் வாசற்படி தாண்டும்போது 'போகிறேன்' என்று சொன்னால் தாய்மார்கள் பொறுப்பதில்லை. 'போய் வருகிறேன் என்று சொல்' எனத் திருத்துவார்கள். அச்சொல்லின் முழுப் பொருளைக் கோடைக்கானல் மலையில்தான் நான் உணர்ந்தேன்.

பழனி மலையடிவாரத்திலுள்ள எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர், இன்று இயற்பியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளார். அயல்நாட்டு ஆய்வுக்கூடமொன்றில் ஆறு மாதம் தங்கிப் பணியாற்ற அவருக்கு அழைப்பு வந்தது. தந்தையை இழந்த பிள்ளை. "போனவன் அங்கேயே தங்கிவிட்டால் நான் என்ன செய்வேன், ஹஜ்ரத்?" என்று தாயார் கண்கலங்கினார். நான் வாயடைத்து நின்றேன். ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் இதே நிலையிலிருந்த வேறொரு மாணவரைப் போகவிடாமல் தடுத்தவன் நான். அவருடைய ஆராய்ச்சி பாதியிலேயே நின்றது. அது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

அந்த வாரமே தாயார், மகன், தாய்மாமன் மூவருடனும் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குச் சென்றேன். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துக் காத்துவரும் இடம் அது. 1907இல் இங்குப் பணியேற்க வந்த எவர்ஷெட், வரும் வழியில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தைக் கண்டு வந்தவர். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் இம்மலையிலிருந்தே கண்டறிந்தார். அவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் அத்தாயாரிடம் நான் விரித்துரைத்தது வேணு பாப்புவின் வரலாற்றைத்தான். அவர் தந்தையார், நவாப் ஸஃபர் ஜங் தொடங்கிய ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்ற பாப்பு, 1949இல் மாணவராயிருக்கும்போதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். தாயகம் திரும்பினார், 1960இல் இந்தக் கோடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். பின்னர் ஜவ்வாது மலையின் காவலூரில் புதிய வானாய்வகத்தையும் உருவாக்கினார்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. லாகூரில் பேராசிரியராயிருந்த அப்துஸ் ஸலாம், உடன் ஆராய ஒருவருமில்லாத தனிமை தாளாமல் 1954இல் கேம்பிரிட்ஜ் சென்றார். தாய்நாடா, இயற்பியலா என்ற அந்த இக்கட்டு பிறருக்கு நேரக்கூடாது என்றெண்ணியே, 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பன்னாட்டு இயற்பியல் மையத்தை நிறுவினார். வளரும் நாட்டு ஆய்வாளர் தம் ஊர்ப் பணியை விடாமலே, சில ஆண்டுகளில் பலமுறை அங்குச் சென்று, சில வாரங்களோ மாதங்களோ தங்கி ஆராய்ந்து திரும்பலாம். 1979இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஒவ்வொரு கூட்டத்தாரிலும் ஒரு சிலர் கற்கப் புறப்பட்டு, திரும்பி வந்து தம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமெனத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் உணர்த்துகிறது. அங்கே சொல்லப்படுவது மார்க்கக் கல்வி. ஆயினும் சென்று திரும்பும் அந்த ஒழுங்கு எல்லாக் கல்விக்கும் அழகு சேர்ப்பதன்றோ!

ஆகவே இத்தகைய அழைப்பு வந்தால் அஞ்சாமல் நான்கு செய்திகளை விசாரியுங்கள். அழைக்கும் விஞ்ஞானியின் கடிதத்தில் பணியும் காலமும் தெளிவாக உள்ளனவா? இங்குள்ள நிறுவனம் விடுப்பளித்து இடத்தைக் காத்து வைக்குமா? பயணச் செலவும் தங்கும் செலவும் யார் பொறுப்பு? விசா, தங்கும் காலம் முழுவதற்கும் செல்லுமா? பயணச் செலவு பின்னரே திரும்பக் கிடைக்குமாயின், முன்பணத்துக்கு ஏழைப் பிள்ளை எங்கே போவான்? அங்கேதான் ஜமாஅத்தின் கை நீள வேண்டும். பிள்ளை திரும்பும்வரை தாயாரைக் கவனிப்பதும் நம் பொறுப்பே. அன்று நான் அந்த மாணவரைத் தடுத்தேனே தவிர, அவர் வீட்டுச் சுமையைத் தாங்க ஆள் தேடவில்லை. என் தவறு அதுதான்.

மலையிறங்கும்போது அத்தாயார் மகனிடம் ஒன்றே கேட்டார்: "திரும்பி வரும் தேதி அந்தக் கடிதத்தில் இருக்கிறதா?" மகன் எடுத்துக் காட்டினார். விரலால் அத்தேதியைத் தொட்டுப் பார்த்தவர், "பிஸ்மில்லாஹ், போய் வா" என்றார்.

அடுத்த மாதம் பயணம். அந்தத் தேதியை நானும் குறித்து வைத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், அன்று மதரஸா மாணவர்கள் முன் அவரே வந்து பேசுவார்.