பூனையின் அவசரம்

எமது வீட்டு விறாந்தை முன்னர் வாரத்துக்கு ஒருமுறை கழுவப்பட்டது. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் பின்னர் அது நாள்தோறும் செய்யவேண்டிய கடமையாகிவிட்டது. காரணம் ஒரு பூனை.

அது கடற்கரைப் பூனை. பருத்தித்துறைப் பக்கத்து மீன்துறையொன்றில், வலையிலிருந்து உதறி எறியப்படும் பொடிமீனையும் வெட்டுப்பலகையின் கீழ் விழும் குடலையும் தின்று வளர்ந்தது. அவ்வாண்டில் மண்ணெண்ணெய் கிடைக்காமையால் வடபகுதிக் கடற்றொழிலாளரின் வள்ளங்கள் பல கரையில் ஏறிக் கிடந்தன. ஓகஸ்டில் எண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவாயிற்று. வள்ளம் போகாத துறையில் பூனைக்கு என்ன வேலை? மனிதர் வரிசைகளில் நின்றனர். பூனைகள் ஊருக்குள் நடந்தன. அவ்வாறு நடந்து வந்தவற்றுள் ஒன்று, விலா எலும்புகளை எண்ணக்கூடிய கோலத்தில், எமது குசினிப் படியில் வந்து குந்தியது.

முதல் நாள் அம்மா ஒரு சிரட்டையில் சோற்றையும் கருவாட்டையும் பிசைந்து வைத்தார். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் சிரட்டை வெறுமையாயிற்று. சிறிது நேரத்தில் அப்பிராணி கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தியது. தின்றதெல்லாம் தின்றபடியே, சோறு சோறாய், மீன் மீனாய், குழலிற் பிட்டு விழுவதுபோல் நிலத்தில் வந்து விழுந்தது. விழுந்ததை அது மீண்டும் தின்னத் தொடங்கியதுதான் எம்மால் பொறுக்க முடியாமற் போனது. “ஆலாய்ப் பறக்குது பார், சனியன்” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோய்ப் பூனையை அண்டவிடாதீர்கள் என்று அயல்வீட்டு மாமி புத்தி சொன்னார். கற்றவர் என்ற நினைப்புடைய நாமோ, ‘பெருந்தீனி’ என்ற ஒரு சொல்லால் விடயத்தை முடித்துக்கொண்டோம்.

ஒரு மாதம் துடைத்துக் களைத்த பிறகே மிருக வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் மருந்து எழுதுவதற்கு முன் கேள்விகளைத் தொடுத்தார். வயிற்றை எக்கி எக்கி இழுத்த பின் வருகிறதா, அல்லது தலையைத் தாழ்த்தியதும் தானே வழுக்கி விழுகிறதா? தின்று எவ்வளவு நேரத்தில்? வெளிவந்த சோறு உருமாறியிருக்கிறதா? நாம் கூறியவற்றைக் கேட்டு, “இது சத்தியில்லை, எதுக்களிப்பு” என்றார். சத்தி எடுக்கும்போது வயிற்றுத் தசைகள் பாடுபடும். வருவது பாதி செரித்து, சிலவேளை பித்தமுங் கலந்திருக்கும். எதுக்களிப்பிலோ உணவு இரைப்பையிற் சென்று தங்காமலே உணவுக் குழாயின் வழியே திரும்பிவிடுகிறது. அதனாற்றான் அதற்குக் குழாயின் வடிவம். மாத்திரைக் கணக்கில் எல்லாப் பழியையும் அவசரத்தின் மேற் போட்டுவிடக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். குடற்புழு உள்ள பூனையும் ஓயாது பசிக்கும். முதிய பூனை நிறையத் தின்றும் மெலிந்து வாந்தியெடுக்குமாயின், கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி மிகையாய் வேலைசெய்கிறதா எனப் பார்க்கவேண்டும். பூனையென்றாற் கக்கத்தானே செய்யும் என்று நாம் ஒரு மாதம் இருந்துவிட்டதை அவர் சற்றுக் கடுமையாகவே கண்டித்தார். ஆசிரியரைக் கண்டிக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

புழு மருந்து கொடுத்தோம். உடம்பு சிறிது தேறியது. அவசரம் தேறவில்லை.

அதன் பின்னரே நாம் பூனையை உற்றுப் பார்க்கத் தொடங்கினோம். பூனையின் தாடை மேலுங் கீழுமே அசையும். மாட்டைப்போற் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதற்கு இயலாது. கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்: வெட்டும், அவ்வளவே. மெல்லாமல் விழுங்குவது அதன் பிறப்புரிமை. ஆயினும் இயற்கையில் அதன் ஒருவேளை உணவு ஓர் எலியளவுதான். பகலும் இரவுமாகப் பத்துத் தடவைக்கு மேலும் சிறிது சிறிதாய்த் தின்னும் பிராணிக்கு, நாம் எமது வசதிக்காக மனிதரைப்போற் காலையும் மாலையும் சிரட்டை நிறைய வைத்தோம்.

இன்னொரு தவறும் செய்தோம். எமது வீட்டில் முன்னமே ஒரு கடுவன் இருந்தது. இருவருக்கும் பக்கத்திற் பக்கத்தே, ஓர் அகப்பை கூடாமற் குறையாமல் வைத்தோம். சமபந்தி நடத்துகிறோம் என்ற பெருமை எமக்கு. பங்கு சமமாகத்தான் இருந்தது. அச்சம் சமமாக இருக்கவில்லை. கடுவன் வாழ்நாளில் ஒருவேளை பட்டினி கிடந்ததில்லை. அது முகர்ந்து, நக்கி, நடுவில் எழுந்து சோம்பல் முறித்து உண்ணும். கடற்கரைக்காரியோ காதைப் பின்னே சரித்து, ஒரு கண்ணைக் கடுவன்மேல் வைத்து, விழுங்கும். துறையில் ஒரு மீன்தலைக்குப் பத்துப் பூனை பாய்ந்த கணக்கு அதன் உடம்பில் இருந்தது. அந்தக் கணக்குத் தெரியாத நாம் அதைப் பெருந்தீனி என்றோம்.

வைத்தியர் சொன்னபடி அதற்கு வேறு அறையில், கதவைச் சாத்தி, அகன்ற தட்டில் உணவைப் பரப்பி வைத்தோம். தட்டின் நடுவே விழுங்க முடியாத அளவில் ஒரு வழுவழுப்பான கடற்கல். கல்லைச் சுற்றிச் சுற்றித் தின்னவேண்டியிருந்ததால் வேகம் தானாகக் குறைந்தது. இரண்டு வேளையை ஐந்தாகப் பிரித்தோம். அம்மா முணுமுணுத்தார், ஆனால் ஐந்தில் மூன்றை அவரே வைத்தார்.

ஓரிரவு அந்தத் தட்டின் எதிரே குந்தியிருந்தபோதுதான் எமது வகுப்புப் பையன் ஒருவனின் முகம் நினைவில் வந்தது.

அதுவும் 2022 செப்ரெம்பர். கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைக் கடந்திருந்த மாதம். பழைய மாணவர் சிலரின் உதவியால் எமது பாடசாலையில் இடைவேளையிற் சோறு கொடுத்தோம். இடைவேளை இருபது நிமிடம்; வரிசையோ நீளம். பெரிய வகுப்பார் முந்திக்கொள்ள, ஏழாந் தரத்துப் பையனின் முறை வரும்போது மணியடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. அவன் அவக் அவக்கென்று விழுங்கினான். எழுந்து வேப்பமரத்தடிக்கு ஓடினான். திரும்பி வந்தவனை நாம் வகுப்பின் முன் நிறுத்தி, “நொறுங்கத் தின்றால்?” என்று கேட்டோம். “நூறு வயது, சேர்” என்றான். வகுப்புச் சிரித்தது. நாமுஞ் சிரித்தோம்.

மறுநாள் முதல் அவன் வரிசைக்கு வரவில்லை. கேட்டபோது “பசியில்லை, சேர்” என்றான். அதை நாம் நம்பினோம். நம்புவது எமக்கு வசதியாக இருந்தது.

பூனைத் தட்டின் முன் இருந்து எழுந்த அடுத்த நாள் மாலை அவன் வீட்டுக்குச் சைக்கிளிற் போனோம். தகப்பன் வள்ளத்திற் கூலிக்குப் போகிறவர். அந்நாட்களில் திண்ணையில் இருந்தார். பிள்ளைகள் ஐவர், சட்டி ஒன்று. “இவன் கடைக்குட்டி, சேர். கெதியாய்த் தின்னாட்டி இவனுக்கு மிஞ்சாது” என்று தாய் சிரித்தபடிதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க ஆசிரியத் தொழில் எம்மைப் பழக்கியிருக்கவில்லை. “தம்பி, நாளைக்கு என்னோட இருந்து சாப்பிடு” என்பதற்கு மேல் நாவு எழவில்லை. அவன் பதில் சொல்லாமல் தாயின் முகத்தைப் பார்த்தான்.

ஆசிரியர் கூட்டத்தில் இடைவேளையை நீட்டும்படி கேட்டோம். நேரசூசி இடந்தரவில்லை. ஆகவே எமது வரலாற்றுப் பாடத்தின் முதற் பதினைந்து நிமிடத்தைத் திருடினோம். சிறிய வகுப்பாருக்குச் சோறு வரிசையின்றி வகுப்பறைக்கே, மணிக்கு முன்பாகவே வந்தது. அதிபர் கண்டுங் காணாதிருந்தார். பையன் முதல் இரண்டு வாரமும் அதே வேகத்தில் உண்டான். சோறு இன்னும் இருக்கிறது என்று நாள்தோறும் சொன்னோம். எமது சொல்லை அவன் நம்பவில்லை. நம்புவதற்கு நாம் அதுவரை எதுவும் செய்திருக்கவுமில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

வள்ளங்கள் பின்னர் கடலுக்குப் போயின. பூனை துறைக்குத் திரும்பவில்லை, கொழுத்துவிட்டது. ஒருநாள் கல்லை எடுத்துப் பார்த்தோம். அன்று மாலை விறாந்தையைக் கழுவவேண்டியதாயிற்று. கல்லை மறுபடி வைத்துவிட்டோம். பையன் 2025 இல் பத்தாந் தரத்துக்கு வந்தான். வகுப்பிற் கடைசியாய் உண்டு எழுபவருள் அவனும் ஒருவன். ஆனால் கோப்பையை இடக்கையால் வளைத்து அணைத்தபடிதான் அப்போதும் உண்டான்.