பனிக்கால அடைக்கலம்

மலைநாட்டு வீட்டு முகப்புகளில் சிவப்பும் வெண்மையும் இளஞ்சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் செடியொன்றை உதகைக்கும் கோடைக்கானலுக்கும் சென்றோர் கண்டிருப்பர். மக்கள் அதனை ‘ஜெரேனியம்’ என்பர். தாவர நூலார் இட்ட பெயரோ ‘பெலார்கோனியம்’. 1753-இல் லின்னேயசு இதனை ஜெரேனியம் என்னும் பேரினத்துள் அடக்கினார். 1789-இல் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். காய் பறவையின் அலகுபோல் நீண்டிருத்தலின், முன்னது கொக்கையும் பின்னது நாரையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் அடியாகப் பிறந்த பெயர்கள் இவை. அறிஞர் பெயரை மாற்றி இருநூறு ஆண்டுகள் கடந்தும் மக்கள் நாவில் பழம்பெயரே நிலைபெற்றுள்ளது. வழக்கின் ஆற்றல் அத்தகையது!

இச்செடியினத்தின் தாயகம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா. சதைப்பற்றுள்ள தண்டினை உடையதாதலின் வறட்சியைத் தாங்கும், உறைபனியைத் தாங்காது. குளிர்மிகு ஐரோப்பிய நாடுகளில் பனிக்காலம் வருமுன்னரே இதனைப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி மனைக்குள் வைப்பர். இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகள் போன்ற மென்குளிர் நிலங்களில் வெளியிலேயே வாழவிடுவர். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகை இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது. பகலில் இனிய வெயில். இரவில், குறிப்பாகப் பள்ளங்களில், வெண்பனி. அங்கே இச்செடியை வெளியில் வைத்தே காக்கலாம். காவாது விட்டாலோ இழக்க நேரிடும்.

தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுத்ததை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கி வருகிறோம். அவ்விலக்கணத்தின் பொருளை உடலால் உணர்ந்தது, சில ஆண்டுகள் அம்மலையில் வாழ்ந்தபோதுதான். 2013-ஆம் ஆண்டுக் கார்த்திகையில் அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர் மருத்துவத்தின் பொருட்டுச் சென்னையிலுள்ள மகள் வீட்டிற்குப் புறப்பட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எமக்கு ‘டீச்சரம்மா’. மறைந்த கணவர் தம் கையால் நட்டு வளர்த்த பன்னிரண்டு ஜெரேனியத் தொட்டிகளை எம்மிடம் ஒப்படைத்து, “பங்குனியில வந்து வாங்கிக்கிறேன் தம்பி” என்றார். இஸ்லாமியத் தமிழ் வழக்கில் இத்தகைய பொருளுக்கு ‘அமானிதம்’ என்று பெயர். உரியவர் கேட்கும்போது குறைவின்றித் திருப்பித் தருதல் கடமை. பொன்னாயின் பெட்டியில் பூட்டலாம். உயிருள்ள அமானிதத்தை எங்ஙனம் பூட்டுவது?

பூங்காப் பணியில் முடி நரைத்த தோட்டக்காரர் ஒருவர் எமக்கு ஆசானானார். அவர் முதலிற் கற்பித்தது மூடுவதையன்று. நீரையும் உரத்தையும் குறைப்பதை. வடகிழக்குப் பருவமழையால் நனைந்த மண் உலருமுன்னரே அம்மலையில் உறைபனி வந்துவிடும். குளிரும் ஈரமும் கூடினால் வேரும் தண்டும் அழுகும்; சாம்பற்பூஞ்சை படரும். ஆகவே, தொட்டிகளைச் செங்கல்மேல் உயர்த்தி, தென்மேற்கு நோக்கிய சுவரையொட்டி இறவாரத்தின்கீழ் வரிசையாக வைத்தோம். மாலை வெயிலில் சூடேறிய சுவர் இரவில் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். கிழக்குச் சுவர் ஆகாது. உறைந்த இலைமேல் காலை வெயில் சட்டெனப் பட்டால் கேடு மிகும். தளிர் விடத் தூண்டும் உரத்தை நிறுத்தினோம். இளந்தளிரே பனிக்கு முதல் இரையாகும் அன்றோ! கிளைகளையும் வெட்டவில்லை. மேலுள்ள பழந்தண்டு கீழுள்ள உயிருக்குக் கவசம் என்றார் அவர். பழுத்த இலைகளை மட்டும் அவ்வப்போது கிள்ளினோம்.

உறைபனி விழும் இரவிற்கு அடையாளங்கள் உண்டு. முகிலற்ற வானம், அசைவற்ற காற்று, கூர்மையாய் மின்னும் விண்மீன்கள். மண்ணின் வெப்பம் தடையின்றி வெளியேற, கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அத்தகைய மாலைகளில் மிலாறுகளை ஊன்றி, இலையைத் தொடாதவாறு சாக்கினைக் கூடாரம்போல் விரித்தோம். கதிர் ஏறியதும் அகற்றினோம். “மூடுறது எல்லாரும் செய்வாங்க ஐயா, நேரத்துக்குத் திறக்கிறதுதான் வேலை” என்பார் பெரியவர். மூடியே கிடந்த செடி ஒளியும் காற்றும் இன்றி வெளிறி அழுகும் என்பது அவர் சொல்லின் பொருள்.

அவர் கூறியவாறு, பன்னிரண்டு செடிகளிலிருந்தும் நான்கு விரல் நீளத் தண்டுத் துண்டுகளைக் கணுவின்கீழ் நறுக்கி, வெட்டுவாய் உலர்ந்தபின் மணல் கலந்த மண்ணில் ஊன்றிச் சமையலறைச் சாளரத்தில் வைத்திருந்தோம். விதையில் முளைப்பது தாயின் நிறத்தினின்று மாறக்கூடும். தண்டில் துளிர்ப்பதோ தாயின் நீட்சியே.

தை மாதத்து இரவொன்றில் புல்வெளி முழுதும் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்தது. சாக்கின் காவலையும் மீறி, வரிசையின் கடைக்கோடியில் நின்ற இரண்டு செடிகள் கருகிக் குழைந்தன. மற்றப் பத்தும் இலையுதிர்ந்து குச்சிகளாய் நின்றன. நகத்தால் மெல்லக் கீறியபோது தோலின்கீழ்ப் பசுமை தெரிந்தது. அந்தப் பசுமை தந்த ஆறுதலுக்கு ஈடில்லை.

டீச்சரம்மா பங்குனியில் திரும்பினார். பத்துத் தாய்ச்செடிகளையும், இறந்தவற்றின் பிள்ளைகள் இரண்டையும் முன்வைத்து நடந்ததைக் கூறினோம். இளஞ்செடியின் இலையொன்றைக் கசக்கி முகர்ந்தார், கண்கள் கலங்கின. “அவர் வெச்ச செடியோட அதே வாசனை. கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி” என்றார்.

காத்தல் என்றால் இடையறாது கொடுத்தல் என்றே நாம் எண்ணுகிறோம். நீரைக் குறைத்தலும், உரத்தை நிறுத்தலும், வெட்டாது பொறுத்தலும், விடிந்ததும் திரையை விலக்கலும் காத்தலே என்பதை அப்பனிக்காலம் உணர்த்தியது. பிள்ளைகளை வளர்ப்போர்க்கும், எம்போல் மாணவரைப் பயிற்றுவோர்க்கும் இஃது ஏற்கத்தக்க பாடம். நம் பொறுப்பில் வளர்வோரும் நம் உடைமையல்லர். இறைவன் நம்பித் தந்த அமானிதமே ஆவர். அவர்களைப் போர்த்த வேண்டிய இரவும் உண்டு. வெயிலுக்கு விடவேண்டிய காலையும் உண்டு.